பதினேழாவது கைப்பிடி

பிரசங்கம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், சாலொமோன் ராஜா கட்டுகிற ஆலயம் இன்னும் அஸ்திவாரத்தை விட்டு மேலே எழும்பவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த பாதிரி ஐயருக்கு நல்ல குரல். ஒவ்வோர் அளவையும் இரண்டு தடவை சொன்னார், அறுபது முழ நீளம், ஆம், அறுபது முழம் என்று. அவர் சொன்ன ஒவ்வோர் எண்ணும் பறந்துவந்து எப்சிபா மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்த எண்ணின் மேல் உட்கார்ந்து அதை அமுக்கிவிட்டது. பதினொன்று வரைக்கும் வந்திருந்தாள். தெற்குத் தெருவை முடித்து, கிணற்றைச் சுற்றி, நடுத்தெருவில் அருளப்பன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள், அங்கே முழக்கோலோடு ஐயர் குறுக்கே வந்துவிட்டார். சரி, முதலிலிருந்து. தெற்குத் தெரு முதல் வீடு வேதக்கண், ஒன்று. அடுத்தது சுவிசேஷமுத்து, இரண்டு. மடியில் கெசியா தன் வலது கால் பெருவிரலை வாய்க்குள் திணித்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத பிள்ளை மாதிரி கூரையைப் பார்த்துக் கிடந்தாள். பத்து மாதம், கீழே இரண்டு பல், மேலே இரண்டு முளைக்கப் போகிற நமைச்சல், உதட்டோரம் கொஞ்சம் நீலம். இன்றைக்குக் காலையில் உடைவிளை சபை வரலாற்றின் மூன்றாம் பக்கத்தை இவள் தின்றுவிட்டாள். முழுசாகத் தின்றாள் என்று சொல்ல முடியாது, பாதியைத் தின்று பாதியைக் கூழாக்கி மெத்தையில் தேய்த்திருந்தாள். எது எப்படியோ, எப்சிபா கையில் இருந்தது ஒன்று, இரண்டு, நான்கு. கோயில் பிரதிஷ்டையாகி அறுபதாவது வருஷம் இன்றைக்கு, பிரசங்கம் முடிந்ததும் சபை வரலாறு வாசிக்க வேண்டும், வரலாறு முடிந்ததும் ஜெபம், ஜெபம் முடிந்ததும் ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம். வரலாறு வாசிப்பவர் திருமதி எப்சிபா ஜெபசிங் என்று நோட்டீஸில் அச்சடித்தே போட்டுவிட்டார்கள்.

பிள்ளை சத்தம் போட்டால் பயமில்லை, சத்தம் நின்றால்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். அது தெரியாத தாயா அவள்? ஆனாலும் புதுச் சேலை, கஞ்சி விறைப்பு, மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, வாயில் ஊக்கு வேறு. ஊக்கை எடுத்துக் குத்தி, திரும்பிப் பார்த்தால் கட்டிலில் மகாராணி சப்பென்று உட்கார்ந்து, மென்று, யோசித்து, மறுபடியும் மென்றுகொண்டிருக்கிறாள். விரலை விட்டுத் தோண்டினாள். தேவ ஊழியத்தில் என்று ஒரு துண்டு வந்தது, அடுத்தது வெறும் ஈரம். அப்போது முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நாலு நாள் உட்கார்ந்து கோடு போட்ட தாளில் முத்து முத்தாகப் படியெடுத்தது. செல்போனில் ஒரு போட்டோ பிடித்து வைத்திருக்கலாம், அந்தப் புத்தி இப்போது வருகிறது. மூல நோட்டு கோயிலுக்குப் பின்னால் ஐயர் அங்கி மாற்றுகிற அறையில், இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பெட்டிச் சாவி மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது. மாமா, அதாவது அவள் மாமனார் மாசிலாமணி, சபைச் செயலர், முதல் வரிசையில் பீடத்துக்கு நேரே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், பிடரியில் புது முடிவெட்டு. அவரிடம் போக வேண்டுமானால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற அத்தனை பெண்களையும் தாண்டி, பிரசங்கத்தின் நடுவில், ஆண்கள் பக்கம் போய்க் குனிந்து, மாமா உங்க பேத்தி கோயில் வரலாறைத் தின்னுட்டா என்று சொல்ல வேண்டும். அந்த நோட்டை அவள் கையில் கொடுக்கும்போது மனுஷர் அதைத் தடவிக் கொடுத்தார், அவரே பத்து வருஷத்துக்கு முன்னால் பொன்விழாவுக்காக எழுதினது. "ஒரு புள்ளி கூட்டவும் கூடாது, ஒரு புள்ளி குறைக்கவும் கூடாது மக்ளே. பேர் விசயம். பாத்து எழுது." பேர் விசயம். மூன்றாம் பக்கத்தில்தான் கோயில் கட்டின பதினேழு குடும்பத்தாருடைய பேரும் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனதற்கு எட்டு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இந்த ஊரில் உண்டு. பேசாமல் இருந்தார்களே தவிர, ஒரே கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள், வாளி மட்டும் வேறு வேறு. இவள் ஒரு பேரை விட்டால் அந்த வீட்டுக்காரர் அசனப் பந்தியிலேயே இலையை மடித்துவிடுவார். மருமகள் விட்டாள் என்று சொல்ல மாட்டார்கள், மாசிலாமணி வீட்டில் வேண்டுமென்றே விட்டார்கள் என்பார்கள். மூன்று, நான்கு, ஐந்து, கொல்லப்பட்டறைக்குப் பக்கத்தில் மாணிக்கம், ஆறு. இருபது முழ அகலம், ஆம், இருபது முழம்.

"ஏட்டி" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது. "சாலொமோன் இன்னும் வாசல் வைக்கலயா? எப்ப கட்டி முடிக்க, எப்ப சோறு திங்க?" பூரணத்தை. பூரணம் அத்தை சுருங்கிப் பூரணத்தை, பரிபூரணம் என்று முழுப்பேர், எப்சிபாவுக்கு நேரடி உறவு இல்லை, ஆனால் வாழ வந்த ஊரில் அம்மா வயசுக்காரர்கள் எல்லோரும் அத்தைதானே. கைப்பிள்ளைக்காரிகளுக்கு இந்தக் கோயிலில் வடக்கு வாசல் ஓரம்தான் இடம், பிள்ளை அழுதால் எழுந்து வெளியே ஓட வசதி. அதனால் கல்யாணத்துக்குப் பிறகு எப்சிபா ஒரு பிரசங்கத்தைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. முதலில் மூத்தவன் ஜோயல், இப்போது இவள். நோவா பேழையில் ஏறினது தெரியும், இறங்கினது தெரியாது. அந்த வாசலுக்கு வெளியே, பூவரசு மரத்தடியில், வருஷம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காத கல்படியில் பூரணத்தை உட்கார்ந்திருப்பாள். பத்து வருஷமாக உள்ளே வந்ததில்லை. வராமலும் இருந்ததில்லை. ஞாயிறு தவறாமல் முதல் மணிக்கே வந்துவிடுவாள், பாட்டென்றால் உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் விட அவள் குரல்தான் மேலே நிற்கும், நற்கருணை அன்றைக்கு ஐயரே அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துக்கொண்டு வடக்கு வாசலுக்கு வருவார். புதுசாக வருகிற ஒவ்வோர் ஐயரும் முதல் மாதம் உள்ளே வாங்கம்மா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் மாதத்திலிருந்து பழகிப்போவார். ஏன் வருவதில்லை என்று கேட்டால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், கறி. பொன்விழா அசனத்தில் பாதிப் பந்தியில் எழுந்து போனாள், இலையைப் பார்த்தால் வெறும் எலும்பு. பரிமாறினது மாசிலாமணி. "ஒரு துண்டு கறிக்காகக் கோயிலையே விட்டுட்டாளே, அவ வைராக்கியத்தப் பாரேன்" என்று மாமியார் இப்போதும் சொல்வாள். மாமா பாவம், அன்றிலிருந்து அசனத்துக்கு அசனம் ஒரு தூக்குச்சட்டி நிறைய ஈரலும் நெஞ்சுக்கறியுமாகத் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தனுப்புகிறார். எப்சிபாதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். பூரணத்தை மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "பஞ்சா வெந்திருக்கு. நல்லாருக்குன்னு உங்க மாமாகிட்டச் சொல்லு" என்பாள், சட்டியைக் கழுவித் திருப்பித் தருவாள், அடுத்த ஞாயிறு அதே கல்படி. இன்றைக்கும் அண்டா பக்கத்தில் அந்தத் தூக்குச்சட்டி தயாராக இருக்கும். அவள் புருஷன் ஜெபசிங்தான் கறி கிண்டுகிறான், காலையிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மசாலா வாசனை வடக்கு வாசல் வழியாக உள்ளே வந்து ஐயருடைய கேதுரு மர வாசனையைத் தள்ளிக்கொண்டு போனது.

"பிள்ளை வாயில என்னட்டி நீலமா?" பூரணத்தை எட்டிக் கையை நீட்டினாள், அவளுக்குக் கை மட்டும் உள்ளே வரும், அது கணக்கில் கிடையாது. "மை, அத்தை." "மையைத் தின்னுச்சா?" "மையோட சேத்து வரலாறைத் தின்னுச்சு." பூரணத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு தோள் வழியாக வந்துவிட்டது, முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுட்டுவிரலை வளைத்துக் கெசியா வாய்க்குள் விட்டு, மேலண்ணத்தில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கைப் பக்குவமாக எடுத்துவிட்டாள், எப்சிபா காலையில் அரைமணி நேரம் தோண்டியும் வராதது. துணுக்கை விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். ஒரு கமா மட்டும் இருந்தது. "எந்தப் பக்கம்?" "மூணாம் பக்கம், அத்தை." "கோயில் கட்டின பக்கமா?" "ஆமா. பேரெல்லாம் அதுலதான் இருந்துச்சு, நான் இப்ப என்ன செய்ய?" பூரணத்தை துணுக்கைப் பூவரசு வேரில் தடவினாள். "நல்ல பக்கமாப் பாத்துத்தான் தின்னிருக்கா" என்றாள். எப்சிபாவுக்குச் சுருக்கென்றது, கேலியா, ஆறுதலா, பிடிபடவில்லை, பிடித்துப் பார்க்க நேரமும் இல்லை. ஏழு. கிணற்றடியில் சின்னமுத்து, எட்டு.

பேர்களை விட்டுவிட்டு மற்றதை நினைத்துப் பார்ப்போம், அது வந்தால் பின்னாலேயே பேரும் வரும் என்று தோன்றியது, ஆட்டுக்குட்டியைப் பிடிக்க முடியாவிட்டால் தாய் ஆட்டைப் பிடிக்கிற மாதிரி. முதல் பக்கத்தில் உபதேசியார் ஒருத்தர் தேரியின் செம்மணல் மேட்டில் செருப்பில்லாமல் நடந்து வந்து உடைமரத்து நிழலில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது. இரண்டாம் பக்கத்தில் ஓலைக் கோயில். வருஷா வருஷம் வீட்டுக்குப் பத்து ஓலை போட்டு வேய்ந்த கோயில். ஒரு பஞ்சத்தில் மேய்ச்சல் இல்லாமல் மாடுகள் வந்து ஜெபம் நடக்கும்போதே சுவரைத் தின்றுவிட்டன. மாமா அதை எழுதியிருக்கிற அழகு, கால்நடைகளால் ஆலயச் சுவர்கள் சேதமுற்றபடியால், அதைப் படியெடுக்கும்போது எப்சிபா தனியாகச் சிரித்தாள். பிறகு மூன்றாம் பக்கம், கற்கோயில். கல் வண்டியில் வந்தது. சுண்ணாம்புக்குத் தண்ணீர் இல்லை, ஊர்க் கிணறு வறண்டு, தேரியைத் தாண்டிப்போய்த் தலைச்சுமையாக எடுத்து வந்தார்கள். சாந்தில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி அரைத்தார்கள். அதனால் இந்தச் சுவர் இனிக்கும் என்று பிள்ளைகளுக்குள் ஒரு நம்பிக்கை, மூன்று தலைமுறைப் பிள்ளைகள் நக்கி நக்கி வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வழவழப்பு ஓடுகிறது. ஜோயல் நக்கினான். எப்சிபாவே வந்த புதுசில் யாரும் பார்க்காதபோது நாக்கை வைத்துப் பார்த்தாள், உப்புத்தான் கரித்தது. கெசியாவும் உட்காரப் பழகின நாளே சுவரைப் பிடித்துக்கொண்டு வாயை வைத்துவிட்டாள். மாடு தின்ற கோயில், பிள்ளைகள் நக்கின கோயில், இப்போது அதன் பேப்பரையும் ஒருத்தி தின்றாகிவிட்டது. தின்னக் கொடுத்துத்தான் இந்தக் கோயில் இத்தனை வருஷம் ஊரை வைத்திருக்கிறதோ என்னவோ. அவளுக்கு அந்தச் சுவர்மேல் திடீரென்று ஒரு பிரியம் பொங்கி வந்தது, பிள்ளையின் காலைத் தடவுகிற மாதிரி பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டாள். அப்புறம்? சாந்து அரைத்து, சாரம் கட்டி, சாரம் சரிந்து ஒரு ஸ்திரீ காயமுற்றாள், கர்த்தருடைய கிருபையால் வேலை தடைபடவில்லை. இந்த வரி அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. ஏனென்றால் எழுதும்போது பேனா அங்கே ஒரு நிமிஷம் நின்றது, நாலு பக்கத்திலும் பெண் என்று வருவது அந்த ஒரே இடம்தான், அதுவும் ஒரு ஸ்திரீ, யார் பெற்ற பிள்ளையோ. பிறகு, தேவ ஊழியத்தில் தோள் கொடுத்த குடும்பத் தலைவர்களாகிய வேதக்கண், சுவிசேஷமுத்து என்று கமா போட்டுக் கமா போட்டு ஓடி, கடைசியில் தேவஇரக்கம் ஆகிய பதினேழு குடும்பத்தார் என்று முடியும். ஓடினாள். தெற்குத் தெரு, கிணறு, நடுத்தெரு, கோயில் தெரு. வேதக்கண்ணில் தொடங்கி, கடைசியில் கோயில் தெரு மூலையில் தேவஇரக்கம், அது அவள் புகுந்த வீடு, மாமாவின் அப்பா. பதினாறு. கெசியாவின் இரண்டு கை விரல்களையும் மடக்கி, ஒரு கால் விரல்களையும் மடக்கி, அடுத்த காலில் பெருவிரலைப் பிடித்தால், அங்கேயே நின்றுவிட்டது. பதினாறு. மறுபடியும் பிடித்தாள். கெசியாவுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது, இன்னொரு காலையும் தானாகத் தூக்கிக் கொடுத்தாள். பதினாறு. யாரை விட்டேன்? பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து டம்ளர் பரிசு வாங்கினவள்தான். அது தாளில் இருப்பதை வாசிப்பது. இது அப்படி இல்லை, யாரோ ஒருத்தர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாகத் தொங்கிக்கொண்டு, என்னை விட்டுட்டியே மக்ளே என்று பார்க்கிறார், முகம் தெரியவில்லை. கொத்து வேலை இத்தனை நாள், தச்சு வேலை இத்தனை நாள் என்று ஐயர் போய்க்கொண்டிருந்தார், கூரைக்குக் கிட்டத்தில் வந்துவிட்டார், குரல் இறங்க ஆரம்பித்துவிட்டது, பிரசங்கம் முடியப்போகிற குரல் எதுவென்று பிள்ளைக்காரிக்கும் தெரியும்.

அளவு தெரியாவிட்டால் கையை நம்பு என்று அவள் அம்மா சொல்லுவாள், குழம்புக்கு உப்புப் போடுகிற விஷயத்தில். எப்சிபா பேர்களை விட்டுவிட்டுச் சனிக்கிழமையைப் பிடித்தாள். சனிக்கிழமை தோறும் கைப்பிடி அரிசி வாங்கப் போகிறவள் அவள்தான். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும், வாரக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும், இந்தக் கோயில் எழும்பினதே அப்படித்தான் என்பார்கள், இன்றைக்கு அண்டாவில் வேகிற சோறும் அதுதான். ஒரு இடுப்பில் பிள்ளை, மறு கையில் சாக்கு. எந்த வீட்டில் என்ன டப்பா, அது சாக்கில் விழும்போது என்ன சத்தம், எல்லாம் கைக்குத் தெரியும். வீடுகள் ரெண்டாகி மூன்றாகி இப்போது நாற்பத்துச் சொச்சம், ஆனாலும் பழைய வீடுகளின் டப்பா தனியாகத் தெரியும், பழசு. வேதக்கண் வீட்டில் மூடி தொலைந்த ஹார்லிக்ஸ் பாட்டில். சுவிசேஷமுத்து வீட்டில் எலி கடித்த ஓலைப்பெட்டி. மாணிக்கம் வீட்டு மருமகள் எப்போதும் மறந்துபோய், அந்த நேரத்தில் ஓடிப்போய்ப் பானையிலிருந்தே அள்ளிக்கொண்டு வருவாள். சின்னமுத்து வீட்டில் பெயிண்ட் வாளி, அரிசி எப்போதும் அடியில் இத்தினிக்காணும். அருளப்பன் வீடு பதினொன்று. அடுத்து ஆசீர்வாதம் வீடு, பூரணத்தை வாழ்க்கைப்பட்ட வீடு, ஓவல்டின் டப்பா, பன்னிரண்டு, அப்புறம் பித்தளைச் செம்பு, பதின்மூன்று, அடுத்து, என்று தாண்டிப் போனவள் நின்றாள். ஒரு வீட்டில் எப்படி இரண்டு? ஆனால் இரண்டுதான். ஐந்து வருஷமாக, மழையோ வெயிலோ, பூரணத்தை இரண்டு ஏனத்தைக் கொண்டுவந்து வாசலில் வைப்பாள். ஓவல்டின் டப்பாவைக் கவிழ்த்து "இது எங்க வீடு" என்பாள், செம்பைக் கவிழ்த்து "இது அம்மை வீடு" என்பாள். வயசானால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழக்கம் என்று எப்சிபா இரண்டையும் ஒரே சாக்கில் வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். அம்மை வீடு எங்கே அத்தை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டதற்கு, "கோயிலுக்கு வடக்க இருந்துச்சு, விழுந்துட்டு, அங்கதான இப்ப அசனப் பந்தல் போடுதீங்க" என்றாள். அப்பா? "நான் வயித்துல இருக்கையில பனையில இருந்து விழுந்துட்டாவ. அம்மைதான் எல்லாம். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பா, அவ வாறது தெரு முனையிலேயே கேட்டுரும்." பிறவியிலேயே அப்படியா? "இல்ல, பொறவு. கோயில் வேலையில. என்னைய அந்தப் பூவரசுல தொட்டில் கட்டிப் போட்டுட்டுச் சாந்துச்சட்டி சுமந்துருக்கா." அன்றைக்கு எப்சிபாவுக்கு வெயில், சாக்குக் கனம், கெசியா மூத்திரம் வேறு போய்விட்டாள், ம் ம் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பேர் எண்ணினால் பதினாறு. டப்பா எண்ணினால் பதினேழு. அவள் விடவில்லை. நோட்டிலேயே பதினாறு பேர்தான் இருந்தது. குடும்பத் தலைவர்களாகிய என்று மாமா எழுதினாரே, தலைவர் செத்துப்போன வீட்டில் யார் பேரை எழுதுவார்? அவர் வேண்டுமென்று விடவில்லை, தேடியிருப்பார், ஆம்பளைப் பேராகத் தேடியிருப்பார், கிடைத்திருக்காது, பதினேழு என்கிற எண் மட்டும் ஊர் வாயிலிருந்து வந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. கமா போட்டு எழுதின பேர்களை வாசிக்கும்போது யார் எண்ணுகிறார்கள்? பொன்விழா அன்று உள்ளே உட்கார்ந்து ஒருத்தி எண்ணியிருக்கிறாள். ஒரு ஸ்திரீ காயமுற்றாள் என்பதையும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பந்தலுக்குப் போய், தன் அம்மை வீடு இருந்த இடத்தில் இலை போட்டு உட்கார்ந்து, சோறு இறங்காமல் எழுந்திருக்கிறாள். நாம் என்ன செய்தோம்? எலும்பைப் பார்த்தோம். பத்து வருஷம் ஈரல் அனுப்பினோம். எப்சிபா திரும்பி வாசலைப் பார்த்தாள். பூரணத்தை கல்படியில் உட்கார்ந்து பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்துகொண்டிருந்தாள், கெசியாவுக்காக.

ஆமென் என்று சபை சொன்னது, எப்போதும் போல எல்லோரையும் விடச் சத்தமாக வாசலிலிருந்து ஒரு ஆமென். ஐயர் இவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். பிள்ளையை யாரிடம் கொடுப்பது? மாமியார் பந்தலில் இருக்கிறாள், பக்கத்தில் இருக்கிறவளுக்கே மடியில் ஒன்று, தோளில் ஒன்று. யோசிக்கவே இல்லை, கெசியாவை வாசல் வழியாக வெளியே நீட்டினாள். பூரணத்தை வாங்கிக்கொண்டாள், பிள்ளை அழவில்லை, பீப்பீயைப் பிடுங்கி நேரே வாய்க்குள் வைத்தது. கேட்டுவிடலாம் என்று எப்சிபா வாயைத் திறந்தாள், அதற்குள் மைக் கிர்ரென்றது, எல்லோரும் இவளையே பார்த்தார்கள், நடந்தாள். பாய் விளிம்புகள் காலில் தட்டின. மேசைக்குப் பின்னால் போய் நின்றதும் சேலை மடிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு கை தானாகப் போய்ப் பார்த்தது. முதல் பக்கம் வாசித்தாள், இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். மாடு வந்த இடத்தில் ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு. பனைமரத்தில் கட்டின ஒலிபெருக்கியிலிருந்து தன் குரலே ஒரு நொடி பிந்தி ஊர் முழுக்கப் போய்த் திரும்பி வருவது கேட்டது, ஜெபசிங் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பான். மூன்றாம் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நாலாம் பக்கம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கல்லையும் தண்ணீரையும் கருப்பட்டியையும் சொன்னாள். பேர்களுக்கு வந்தாள். தெருத்தெருவாக, சாக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேகத்தில் சொல்லிக்கொண்டு போனாள், ஒவ்வொரு பேருக்கும் பாயில் எங்கோ ஒரு தலை நிமிர்ந்தது. தேவஇரக்கம் என்றபோது மாமா முகத்தில் ஒரு வெளிச்சம். அடுத்தது, ஆகிய பதினேழு குடும்பத்தார், என்று வர வேண்டும். மாமாவின் உதடு அதற்குத் தயாராக முன்கூட்டியே அசைந்தது. எப்சிபா நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அந்தக் கமாத் துணுக்கு மாதிரி. ஒரு புள்ளி கூட்டவும் கூடாது. கூட்டவில்லை மாமா, எண்ணித்தான் பார்க்கிறேன். "இது பதினாறு" என்றாள். மைக்கில் அது பெரிசாகக் கேட்டது. "பதினேழாவது வீடு, இப்ப அசனப் பந்தல் போட்டிருக்க இடத்துல இருந்த வீடு. அந்த வீட்டுல ஆம்பளை கிடையாது. ஒரு அம்மா, தொட்டில்ல பிள்ளையைப் போட்டுட்டுச் சாந்து சுமந்தாங்க, சாரம் சரிஞ்சு விழுந்தது அவங்கதான்." அதுவரைக்கும் சரியாக வந்துவிட்டது, அதற்கு மேல் அவளிடம் ஒன்றுமில்லை. பூரணத்து அம்மை என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். மாமாவைப் பார்த்தாள். மாமா விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார், ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, மறுபடியும் முதல் கை, பிறகு நிறுத்திவிட்டு அண்ணாந்து இவளைப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனவர் முகம். வேறு வழியில்லை, எப்சிபா வாசல் பக்கம் திரும்பினாள். "அத்தை, உங்க அம்மைக்கு என்ன பேரு?"

அத்தனை பேரும் திரும்பினார்கள், பாய்கள் சரசரத்தன, வெளியூர் ஐயர்கூடக் கழுத்தை நீட்டினார். முதலில் வந்தது பீப்பீ சத்தம், கெசியாவுக்கு அது எப்படியோ ஊத வந்துவிட்டது போல. பதில் வராது என்று எப்சிபா நினைத்தாள். ஊர் முன்னால் இப்படிக் கேட்டு அவமானப்படுத்திவிட்டோமோ, எழுந்து போய்விடுவாளோ, பிள்ளையையும் தூக்கிக்கொண்டா போவாள் என்று மனசு எங்கெங்கோ ஓடி, அடுத்த ஞாயிறிலிருந்து வடக்கு வாசல் காலியாகக் கிடப்பது வரைக்கும் பார்த்துவிட்டது. "ஞானவடிவு" என்று வாசலிலிருந்து வந்தது. அந்தக் குரலுக்கு மைக் வேண்டியிருக்கவில்லை. "ஞானவடிவு" என்று எப்சிபா மைக்கில் சொன்னாள், பனைமரம் ஒரு நொடி பிந்தி ஞானவடிவு என்றது, பந்தல் பக்கம் போய்த் திரும்பி வந்தது. "ஆகிய பதினேழு குடும்பத்தார்." மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், தாள் தேடினார், கிடைக்கவில்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நாலாம் பக்கத்தை எப்படி வாசித்தாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது, மணி வாங்கினது, சுற்றுச்சுவர், மின்சாரம் வந்தது, எல்லாம் வாய் தானாக வாசித்தது. முடித்துவிட்டுப் பாய் விளிம்புகளைத் தட்டாமல் தன் இடத்துக்கு வந்தால் இடம் இல்லை. அவள் விட்டுவிட்டுப் போன இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிப் போட்டு பூரணத்தை உட்கார்ந்திருந்தாள். மடியில் கெசியா தூங்கிப்போயிருந்தாள், உதட்டில் நீலத்தோடு இப்போது கொஞ்சம் பச்சையும். எப்சிபா சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பூரணத்தை அவளைப் பார்க்காமல் பிள்ளையின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "பிள்ளைக்கு வெயில் அடிச்சுது. அதான் உள்ள தூக்கிட்டு வந்தேன்." வெளியே கல்படி பூவரசு நிழலில் ஈரம்போலக் குளிர்ந்து கிடந்தது. "ஆமா அத்தை" என்றாள் எப்சிபா, "இன்னிக்கு நல்ல வெயில்தான்." பூரணத்தை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.